முருகேசன் அளவுக்குக் கட்டிய கார்

போன வாரம் கொச்சியில், வைட்டிலா பஸ் ஹப்பில் பஸ் மாறுவதற்காக இறங்கினேன். ஹப்பின் ஒரு ஓரத்தில் கயிறு கட்டி, பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே செய்த ரேஸ் காரை நிறுத்தி வைத்திருந்தார்கள். மேல்மூடி இல்லாத கார். வெறும் குழாய்க் கூடு, நான்கு சக்கரம், நடுவில் ஒரே ஒரு இருக்கை. என் பஸ் வந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. கயிற்றைத் தாண்டிக் குனிந்து, ஓட்டுபவனின் முழங்கால் வரும் இடத்தில் நான்கு குழாய்கள் கூடும் இணைப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வெல்டிங் வைத்தது வைத்தபடி மேடாக, வரிவரியாக இருந்தது. யாரும் அரைக்கவில்லை, பட்டி பூசவில்லை.

"அங்கிளே, தொடல்லே!" என்று ஒரு பெண் ஓடி வந்தாள். திருடன் மாதிரி கையை எடுத்துக்கொண்டு, "இதை ஏன் மோளே கிரைண்டு பண்ணாம விட்டிருக்கீங்க, பார்க்க அசிங்கமா இல்ல?" என்று கேட்டேன். பதில் தெரியாமல் கேட்கவில்லை. அவள் என்னை ஒரு பாவப்பட்ட கிழவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, "கிரைண்டு செய்தா பலம் போவில்லே அங்கிளே? அது எல்லாவர்க்கும் அறியாமல்லோ," என்றாள். அரைத்தால் பலம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியுமாம். எனக்கும் தெரியும், தாயே. தெரிந்துகொண்டே செய்தவன் நான். அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிட்டங்கியின் பின்புறம் ஜோஸி சேட்டனின் கேட், கிரில் கடை இருந்தது. வெல்டிங் புகையும் சுக்குத் தூளும் கலந்தால் என்ன நெடி வரும் என்று அங்கே வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். நாள் முழுக்க யாராவது ஒருவன் தும்மிக்கொண்டே இருப்பான். கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு தும்மினால் விரல் போய்விடும் என்பதால் தும்மல் வரும்போது சுவிட்சை அணைக்க வேண்டும். அதை மட்டும் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். இன்றுவரை பத்து விரலும் இருக்கிறது.

நான் அந்தக் கடையில் சேர்ந்தது வெல்டராக. ஆறே மாதத்தில் என்னைக் கிரைண்டருக்கு மாற்றிவிட்டார்கள். காரணம், கடையில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய வெல்டிங் விட்டுப்போகிறதோ, அந்த இணைப்பை அறுத்தெடுத்து, அதில் சாக்பீஸால் ஆள் பேரை எழுதி, வாசலில் ஒரு கம்பியில் தொங்கவிடுவார்கள். அடுத்தவன் தப்புச் செய்யும்வரை அது அங்கேயே தொங்கும். மரக்கடைக்காரன், மீன்காரி, ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் போவார்கள். என் பேர் நாலு மாதம் தொங்கியது. என் வீட்டு வாசலில் பேர்ப்பலகை இல்லை, ஆனால் கொச்சங்காடியில் எனக்கு ஒரு பேர்ப்பலகை இருந்தது.

கிரைண்டருக்கு மாறிய பிறகு என் மானம் திரும்பி வந்தது. கேட் வாங்க வருகிறவர் முதலில் செய்கிற வேலை கையால் தடவிப் பார்ப்பது. ஒரு மேடு தட்டுப்பட்டால் போதும், "இதெந்தா, பணி சரியில்லல்லோ" என்று ஆரம்பித்துவிடுவார். ஆகவே எங்கள் தொழிலே இரண்டு இரும்பு சேர்ந்த இடத்தை மறைப்பதுதான். வெல்டிங்கை மட்டமாக அரைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட். அதில் என்னை மிஞ்ச மட்டாஞ்சேரியில் ஆள் கிடையாது. பீற்றிக்கொள்வதாக நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

பிறகுதான் முருகேசன் வந்தான். கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஏழெட்டு வருஷம் வெல்டராக இருந்தவன். ஒல்லி உடம்பு, ஐம்பத்திரண்டு கிலோ இருந்தால் அதிகம். மாமனார் வீட்டோடு ஏதோ சண்டை, மனைவியையும் சின்ன மகளையும் ஊரில் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தான். வந்த முதல் வாரமே, கம்பியிலிருந்து கழற்றி மூலையில் போட்டிருந்த என் பழைய இணைப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருண்ணே இத அடிச்சது, கரண்டே பத்தலயே," என்று என்னிடமே கேட்டான். பேரைப் படிக்கத் தெரியவில்லை, மலையாளத்தில் எழுதியிருந்தது. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நிமிஷமே அவனை எனக்குப் பிடிக்காமல் போனது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா நகராட்சியில் குப்பை வண்டி. நான் பிறந்தது, படித்தது, அடி வாங்கியது எல்லாம் மட்டாஞ்சேரியில். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து கடைவரை எனக்குப் பேர் பாண்டி. தமிழனைக் கேவலமாகச் சொல்ல இங்கே அந்த ஒரு வார்த்தை போதும். முருகேசன் வந்த அன்று, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, "எடா பாண்டி, இவிடெ வாடா," என்று அவனை மலையாளத்தில் கூப்பிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பட்டம் அவனுக்குப் போய்விட்டது. என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவன் என்னை அண்ணே என்றுதான் கடைசிவரை கூப்பிட்டான்.

ஜோஸி சேட்டனுக்குக் கார்ப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று தெரியாது. எங்கேயோ மண் மைதானத்தில் நடந்த பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்து, "நம்மளும் ஒண்ணு உண்டாக்குந்நு," என்றார். ஒரு பழைய சின்னக் காரின் எஞ்சின் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட் வேலை இல்லாதபோது கூடு கட்ட ஆரம்பித்தோம். ஓட்டப்போவது தான்தான் என்று சேட்டனுக்கு எண்ணம். தரையில் நிஜ அளவில் சாக்பீஸால் வரைந்து, நடுவே அவரை உட்கார வைத்துப் பார்த்தால், இந்தப் பக்கம் வயிறு கோட்டைத் தாண்டுகிறது, அந்தப் பக்கம் பின்புறம் தாண்டுகிறது. அவரே சிரித்துவிட்டார். அடுத்து நான் உட்கார்ந்தேன். எழுபத்தெட்டு கிலோ. வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டேன், அந்த இருக்கை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. "கனம் கூடுதலாடா," என்று எழுப்பிவிட்டார். பிறகு முருகேசன் உட்கார்ந்தான். கோட்டுக்குள் கச்சிதமாக அடங்கினான்.

"மதி. பாண்டி ஓடிக்கும்," என்றார் சேட்டன். போதுமாம், அவனே ஓட்டுவானாம்.

அவ்வளவுதான், கார் முழுக்க அவன் அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு பலகையில் அவனைச் சாய்த்து உட்கார வைத்து, தலைக்கு மேலே எத்தனை விரல், முழங்கைக்கு எத்தனை விரல், முட்டி மடங்க எவ்வளவு என்று அவன் உடம்பைச் சுற்றியே குழாய்களை நிறுத்தினோம். ஒரு குழாய் இன்னொரு குழாயின் மேல் உட்கார வேண்டுமானால் அதன் முனையை வளைவாக அரைத்தெடுக்க வேண்டும். அவன் மலையாளப் பத்திரிகைக் காகிதத்தைக் குழாயில் சுற்றி, கத்தரித்து, அச்சு எடுத்து, வெளிச்சம்கூட நுழையாதபடி சேர்ப்பான். முதலில் புள்ளிபுள்ளியாகப் பிடிக்க வைப்பான். பிறகு இந்த மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அடிப்பான். "ஒரே பக்கமா அடிச்சா சூட்டுல கூடே கோணிக்கும்ணே," என்பான். வேலை முடிந்ததும் உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங் இல்லாத வெறும் காற்றைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருப்பான். ஊருக்குப் போன் போட்டு, "பாப்பாகிட்ட சொல்லு, அப்பா ரேஸ் ஓட்டப்போறேன்னு," என்று மனைவியிடம் சொன்னதை நானே கேட்டேன். மாமனார் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

ஒரு நாள் நான் பழக்கதோஷத்தில் கிரைண்டரை எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் பக்கத்தில் போனேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இதுல மட்டும் கிரைண்டர வைக்காதீங்க. கேட் ஒரே எடத்துல நிக்கும், இது ஓடும்ணே. அந்த மேடுதான் இதுக்கு உசுரு. கொழாயே ரெண்டு மில்லிதான், நீங்க ஒரு மில்லிய அரைச்சீங்கன்னா என்னத்துக்கு ஆகும்?" சரியான பேச்சு. மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

மகளுக்குக் காதுகுத்து என்று மூன்று நாள் லீவு போட்டு ஊருக்குப் போனான். போன அன்றே ஆரம்பித்தேன். முப்பதுக்கு மேல் இணைப்பு. ஒன்றுவிடாமல் அரைத்தேன். வட்டுகள் தேயத் தேய மாற்றி மாற்றி அரைத்தேன். தலைக்கு மேலே வரும் வளையத்தில் இரண்டு இடத்தில் கை கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிட்டது, குழாய் மெலிந்து நீலம் பாய்ந்தது. நிறுத்தவில்லை. பட்டி பூசி, தேய்த்து, ரெட் ஆக்சைடும் பெயிண்டும் அடித்து மூன்றாம் நாள் வெயிலில் இழுத்து நிறுத்தினால், கண்ணே படும்போல இருந்தது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரே குழாய். ஜோஸி சேட்டன் கார் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, என் முதுகில் ஓங்கித் தட்டி, "இதாணு பணி!" என்றார். அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

முருகேசன் மனைவியையும் மகளையும் கையோடு கூட்டி வந்திருந்தான். பந்தயம் பார்க்க. மகளுக்கு நாலு வயது இருக்கும், மொட்டைத் தலையில் சந்தனம், காதில் புதுத் தோடு. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி கடைக்குள் வந்தவன் காரைப் பார்த்தான். குழந்தையை இறக்கிவிட்டான். ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தான். சத்தமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "எல்லாத்தையும் வெட்டிட்டு மறுபடி அடிக்கணும் சேட்டா," என்றான். பந்தயத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. "நினக்கு ஓடிக்கணோ வேண்டயோ?" என்றார் சேட்டன். இல்லாவிட்டால் இன்னொருவன் ஓட்டுவான் என்று என்னைக் கை காட்டினார். முருகேசன் தன் மகளைப் பார்த்தான். "நான் மெதுவா ஓட்டிக்கறேன்," என்றான்.

கார் உருண்டால் செத்துவிடுவோம் என்று தெரிந்த ஒருவன், அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரிலும் நன்றாகத் தெரிந்த ஒருவன், அப்படிச் சொன்னான். ஒரு ஆசை ஆளை என்னவெல்லாம் செய்யும் பாருங்கள்.

மைதானம் அங்கமாலி தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. ஒரு சின்ன லாரியில் காரை ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டோம். முருகேசன் ஹெல்மெட்டைப் போட்டவன் கழற்றவே இல்லை. ஓட விடுவதற்கு முன்னால் வண்டிகளைச் சோதிக்க வடக்கேயிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். இந்தியும் ஆங்கிலமும்தான் அவருக்கு. எங்கள் காரைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். சாவிக்கொத்தை எடுத்துத் தலைக்கு மேலிருந்த வளையத்தில் சுரண்டினார். பெயிண்ட் போனது, ரெட் ஆக்சைடு போனது, பட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். மெலிந்த இடத்தில் குழி விழுந்தது. சுற்றி நல்ல கூட்டம். சிலர் போன் எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெல்டிங் செய்தது யார் என்று கேட்டார்.

ஜோஸி சேட்டன் முருகேசனைக் காட்டினார்.

முருகேசன் ஹெல்மெட்டைக் கழற்றினான். தமிழில், "சார், வெல்டு நாந்தான் அடிச்சேன். நல்லா அடிச்சேன் சார். நான் ஊருக்குப் போயிருந்தப்ப அரைச்சிட்டாங்க. ஒரு நாள் குடுங்க, வெட்டிட்டு மறுபடி அடிச்சுக் காட்டறேன்," என்றான். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறான் என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். குஜராத்திக் கிட்டங்கிகளில் மூட்டை தூக்கி வளர்ந்த எனக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. நான்தான் முன்னால் போனேன். தப்பு அவனுடையதுதானாம், தெரியாமல் செய்துவிட்டானாம், மன்னித்துவிடச் சொல்கிறான் சாப், என்றேன்.

நானேதான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது. அதிகாரி முருகேசனை மேலும் கீழும் பார்த்து, இந்த வண்டி ஓடக்கூடாது, இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி வெல்டிங் மெஷினைத் தொடாதே என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

சேட்டனுக்கு அவமானம் தாங்கவில்லை. அங்கேயே யாரிடமோ ரம்பம் வாங்கி, சுரண்டப்பட்ட இணைப்பை அறுத்தெடுத்தார். சாக்பீஸுக்கு எங்கே போவது, பெயிண்டால் அதில் பாண்டி என்று எழுதினார். கட்டுக்கம்பியில் கோத்து முருகேசனின் கழுத்தில் மாட்டினார். "வண்டியில இரிக்கணம்னு ஆசையல்லே? இரி," என்று லாரியின் மேலே காருக்குள் ஏற்றி உட்கார வைத்தார். மனைவியும் குழந்தையும் முன்னால் டிரைவர் பக்கத்தில். அங்கமாலியிலிருந்து மட்டாஞ்சேரிவரை அப்படியே வந்தோம். சிக்னலில் பைக்கில் வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துப் படித்துச் சிரித்தார்கள்.

ஆலுவாவில் சாயா குடிக்க நிறுத்தினோம். குழந்தை இறங்கி வந்து மேலே பார்த்தாள். அப்பா ரேஸ் காரில் உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு கையையும் தட்டி, "அப்பா, ஓட்டுப்பா! ஓட்டுப்பா!" என்று குதித்தாள். முருகேசன் அவளைப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, "டுர்ர்ர்" என்று வாயால் சத்தம் கொடுத்தான். கழுத்தில் இரும்பு ஆடியது. சாயாக் கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன், கையிலிருந்த சாயா சட்டையில் சிந்தியது.

மறுநாள் காலை அந்தக் கூட்டை அவன் கையாலேயே வெட்டச் சொன்னார்கள். குழாய் குழாயாக வெட்டினான். மதியத்துக்குள் பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போனான். மனைவி பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். புறப்படும்போது என் பக்கத்தில் வந்து நின்றான். திட்டுவான், அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணே, கரூர்ல பீகார்க்காரங்களோடதான் வேல பார்த்தேன். இந்தி எனக்கும் கொஞ்சம் புரியும்," என்றான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் எங்கே வேலை பார்த்தான், மாமனார் வீட்டில் என்ன சொன்னான், எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

ஓட்டியிருந்தால் உருண்டு செத்திருப்பான், ஒரு விதத்தில் அவன் உயிரை நாங்கள் காப்பாற்றினோம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம்தான், பட்டி பூசினது மாதிரி.

இப்போது அந்தக் கடை இல்லை. சுக்குக் கிட்டங்கி ஹோம்ஸ்டே ஆகிவிட்டது, எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் குடைக்குக் கீழே ஜூஸ் குடிக்கிறார்கள். கேட் எல்லாம் ரெடிமேடாக வருகிறது. கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கல்ஃபுக்குப் போனார்கள். கொச்சியில் தமிழர்களை இப்போது அவ்வளவாகக் கேலி செய்வதில்லை, அந்த வேலைக்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜோஸி சேட்டனும் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

சாவதற்குச் சில நாள் முன்பு பார்க்கப் போயிருந்தேன். ஒரு கைப்பிடி ஆளாகச் சுருங்கியிருந்தார். அன்றைக்குக் கோபத்தில் அவர் மறந்துபோயிருப்பார், அரைத்தது நான்தான் என்று இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். "சேட்டா, அந்த ரேஸ் கார்..." என்று ஆரம்பித்தேன். கையை ஆட்டி நிறுத்தினார்.

"எனிக்கறியாம்டா. அன்னே அறியாம். நீ ஹிந்தியில பறஞ்சதும் கேட்டு. ஆரெங்கிலும் ஒருத்தன்றெ பேர் பறயணமல்லோ? அவன் வந்தவன், போகும். நீ நம்முடெ ஆளல்லே?" அன்றைக்கே அவருக்குத் தெரியுமாம், நான் இந்தியில் சொன்னதையும் கேட்டாராம், யாராவது ஒருவன் பேரைச் சொல்ல வேண்டியிருந்ததாம்.

நாற்பத்தேழு வயதில், பிறந்த ஊரில், ஒருவர் என்னை நம்முடைய ஆள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமும் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, சேட்டன் என்னைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா என்று, அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொன்னேன்.